பரங்கிப்பேட்டை இரும்பாலை: கல் ஓரிடம், கரி ஓரிடம், கப்பல் ஓரிடம்

கேள்வி இது: "பரங்கிப்பேட்டையில் வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய இரும்பாலை இருந்தது, அங்கே காய்ச்சிய இரும்பில்தான் லண்டன் பாலம் கட்டினார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா? உண்மை என்றால் ஏன் மூடினார்கள்? இன்றைக்கு ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை?"

ஆலை இருந்தது உண்மை. லண்டன் பாலம் உண்மை இல்லை. ஆனால் அந்தப் பேச்சு சும்மா கிளம்பியதும் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். ஏன் மூடினார்கள் என்பதற்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால்: கல் ஓரிடத்தில் கிடந்தது, கரி ஓரிடத்தில், கப்பல் ஓரிடத்தில். உலையைக் கப்பலுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். பவுண்டரியில் பாதி ஆயுளைக் கழித்த எனக்கு இந்தக் கதையில் மற்ற எல்லாமே அந்த ஒரு முடிவைச் சுற்றித்தான் ஓடுவதாகப் படுகிறது.

முதலில் ஊர். கடலூர் மாவட்டத்தில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம். முஸ்லிம் வணிகர்கள் மஹ்மூது பந்தர் என்றார்கள். டச்சுக்காரர்கள், டேனிஷ்காரர்கள், இங்கிலீஷ்காரர்கள் எல்லோரும் வந்து போனார்கள். பரங்கிப்பேட்டை வராகன் என்றே ஒரு பொன் நாணயம் புழங்கியது. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். பாடப்புத்தகத்தில் ஊர்ப் பெயர் வருவது அந்தச் சண்டைக்காக மட்டும்தான்.

அதே ஊரில் 1733-இல் சுவீடன் கம்பெனியின் கப்பல் ஒன்று வந்து இறங்கியது. சரக்குக்கூடம் போட்டார்கள். சில வாரங்களிலேயே தேவனாம்பட்டினத்து ஆங்கிலேயரும் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து வந்து அடித்துத் துரத்திவிட்டார்கள். ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாத இரண்டு கூட்டம், சுவீடன்காரனை விரட்ட மட்டும் கைகோத்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து அதே ஊரில் ஓர் ஆங்கிலேயர் உலை கட்டினார். அவர் தோற்கடிக்க நினைத்தது சுவீடன் இரும்பை.

அந்த ஆள் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. சேலம் பக்கம் வேலை பார்த்தபோது அங்கே ஊருக்கு ஊர் சின்னச் சின்ன உலைகளில் இரும்பு காய்ச்சுவதைப் பார்த்து மயங்கிப் போனார். அந்த மயக்கம் கடைசிவரை தெளியவே இல்லை. 1825-இல் அரசாங்கத்திடம் யோசனை வைத்தார். பிறகு சம்பள வேலையையே விட்டுவிட்டு, ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமையும் கம்பெனியிடம் கடனும் வாங்கிக்கொண்டு, 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஆலையைத் தொடங்கினார்.

அவர் சேலத்தில் என்ன பார்த்தார் என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் ஆலையின் கதை விளங்காது.

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை. இன்று சித்தர் கோயிலுக்கு அமாவாசைக் கூட்டம் போகிற மலை. அதன் ஓடைகளில் மழைக்குப் பிறகு ஒரு காந்தத்தை மணலில் இழுத்துப் பாருங்கள், கறுப்புத் துகள் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். மேக்னடைட். காந்தத்துக்கு இழுபடும் இரும்புத் தாது. ஆனால் மலையில் அது தனியாக இல்லை. வெள்ளைக் கல்லும் கறுப்புத் தாதுவும் அடுக்கு அடுக்காக, பலகாரத்தில் இரண்டு மாவு சேர்த்துச் சுருட்டிய மாதிரி கிடக்கும். ஹீத் எடுத்த கணக்கு: நூறு பங்கு கல்லில் 48 பங்கு வெங்கச்சங்கல் (அந்த வெள்ளைக் கல்), 52 பங்கு தாது. தாதுவிலும் 72 சதவீதம்தான் இரும்பு. பெருக்கிப் பார்த்தால் கல்லில் இரும்பு 37, 38 சதவீதம். இன்றைய கணக்கும் அதை ஒட்டியதுதான். மலை பெரியது, தாது ஏழை.

ஊர்க்காரர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் தெரியுமா? கல்லை நன்றாக இடித்துப் பொடியாக்கி, நெல்லைப் புடைக்கிற மாதிரி முறத்தில் புடைத்து, தண்ணீரில் அலசி, வெள்ளைப் பொடியை ஓட்டிவிட்டுக் கறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உலை மண்ணால் ஆனது, ஓர் ஆள் மார்பளவு உயரம், அடியில் அகலம், மேலே குறுகல். முழு ஆட்டுத்தோலில் தைத்த துருத்தி இரண்டு, மூங்கில் குழாய் முனை. ஒன்று மூச்சு வாங்கும்போது மற்றொன்று ஊதும், காற்று நிற்காது. மூன்று நான்கு மணி நேரம் கரியும் தாதுவும் மாறி மாறிப் போட்டு ஊதினால் அடியில் பஞ்சு மாதிரி ஒரு கட்டி சேரும். இரும்பு இங்கே உருகி ஓடுவதில்லை. உருகாமலேயே தாதுவிலிருந்து பிரிந்து, கிட்டம் என்கிற கசடோடு சேர்ந்து உறைகிறது. உலையின் முன்பக்கத்தை உடைத்து அதை இழுத்துப்போட்டுச் சம்மட்டியால் அடித்துக் கிட்டத்தைப் பிழிந்து எடுப்பார்கள். மிஞ்சுவது தேனிரும்பு. போட்ட தாதுவில் நூற்றுக்குப் பதினைந்து அளவுக்குத்தான் கையில் வரும் என்று ஹீத் எழுதினார். மீதி இரும்பு கிட்டத்தோடு போய்விடும்.

அத்தோடு முடியவில்லை. அந்தத் தேனிரும்பைத் துண்டாக்கி, களிமண் மூசைக்குள் (உலோகம் உருக்கும் சிறு குடுவை) வைத்து, கூடவே ஆவாரம் விறகுத் துண்டும் எருக்கிலையும் போட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். இருபது, இருபத்து நான்கு மூசைகளை வளைவாக அடுக்கி, கரி மூடி, இரண்டரை மணி நேரம் விடாமல் ஊதுவார்கள். உள்ளே இலையும் கட்டையும் கரியாகி, அந்தக் கரியை இரும்பு உறிஞ்சி, உருகி எஃகு ஆகும். ஆறியபின் மூசையை உடைத்தால் கைக்குள் அடங்குகிற ஓர் உருண்டை. ஐரோப்பியர்கள் 'வூட்ஸ்' என்று எழுதியது இதைத்தான். நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' இரண்டில் எது திரிந்தது என்று இன்றும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். பிறகு ஃபாரடே இதைப் பிரித்துப் பார்க்கச் சில வருடங்கள் செலவழித்தார். மின்சாரத்துக்குப் பேர்போன அதே ஃபாரடேதான்.

ஹீத் இதன்மேல் வைத்த மதிப்புக்கு அளவே இல்லை. எகிப்தியர்கள் கருங்கல்லில் சித்திர எழுத்து வெட்டியதே இந்திய எஃகுக் கருவியால்தான் இருக்கும் என்று எழுதிவிட்டார். அது தப்பு. எகிப்தியர்கள் கடினக் கல்லால் கல்லை இடித்தார்கள், செம்புக் கருவியோடு மணலைத் தேய்த்து அறுத்தார்கள். ஆனால் ஒரு மனிதன் தன் கையில் இருக்கும் எஃகு உருண்டையைப் பார்த்துப் பிரமிட் வரை போயிருக்கிறான் பாருங்கள், அந்த ஆசைதான் சம்பளத்தை உதற வைத்தது.

சரி, இதைப் பார்த்தவர் அதையே பெரிதாகச் செய்ய நினைத்தாரா என்றால் இல்லை. அவர் கணக்கு வேறு. அன்றைக்கு உலகத்துக்கே கத்தியும் அரமும் செய்து கொடுத்த ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அங்கே நல்ல எஃகு செய்யச் சுவீடன் இரும்புதான் வேண்டும். இங்கிலாந்து இரும்பு நிலக்கரியில் காய்ச்சியது. நிலக்கரியின் கந்தகம் இரும்பில் ஏறிவிடும், சூட்டில் அடித்தால் விரிசல் விடும். சுவீடன் இரும்பு மரக்கரியில் காய்ச்சியது, தாதுவும் சுத்தம். அதற்குத் தனி விலை. கஞ்சமலைத் தாதுவும் சுத்தம், நம்மிடமும் மரக்கரி. அப்படியானால் பெரிய ஊதுலையில் (இரும்பையே உருக்கி ஓட வைக்கும் உலை) இங்கே வார்ப்பிரும்பு காய்ச்சி, கப்பலில் ஷெஃபீல்டுக்கு அனுப்பினால் சுவீடன்காரன் இடத்தைப் பிடித்துவிடலாமே! யோசனை தப்பே இல்லை. இரும்பின் தரத்தைப் பற்றி அவர் சொன்னது பலித்தது. பரங்கிப்பேட்டை வார்ப்பிரும்பு நல்ல இரும்பு என்று ஷெஃபீல்டிலேயே ஒத்துக்கொண்டார்கள்.

கப்பல் வேண்டும் என்றதும் துறைமுகம் வேண்டும் என்றாகிவிட்டது. துறைமுகம் என்றதும் பரங்கிப்பேட்டை. வெள்ளாற்று முகத்துவாரம், உள்ளே வாய்க்கால் போக்குவரத்து, உலைக்குச் சேர்க்கிற சுண்ணாம்புக்குக் கடலோரக் கிளிஞ்சல் என்று வசதிகள் இருந்தன. இல்லாதது இரண்டே இரண்டு: இரும்புக் கல்லும் விறகும்.

கல் வந்த வழியைக் கேளுங்கள். கஞ்சமலையிலிருந்து மாட்டு வண்டியில் காவிரிக்கு. காவிரியில் பரிசலில் ஏற்றி ஆற்றோட்டத்தோடு கீழே, அங்கிருந்து கொள்ளிடம், கொள்ளிடத்திலிருந்து கான் சாகிப் வாய்க்கால், வாய்க்கால் வழியாகப் பரங்கிப்பேட்டை. இன்று சாலையில் போனால் சேலத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர், ஆற்றின் வளைவுகளோடு சேர்த்தால் இன்னும் நீளம். மூங்கில் கூடையில் தோலைப் போர்த்திய பரிசலில் இரும்புக் கல்! ஒகேனக்கலில் பரிசல் ஏறியவர்களுக்குத் தெரியும், ஓர் ஆள் எழுந்து நின்றாலே பரிசல்காரர் கத்துவார். அதில் கல் மூட்டையோடு திருச்சி தாண்டிப் போயிருக்கிறார்கள். அதுவும் ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில்தான். கோடையில் காவிரி மணலாகிவிட்டால் வரத்து இல்லை, அதனால் வருடத்துக்கு வேண்டிய கல்லை வெள்ளக் காலத்திலேயே இறக்கிக் குவித்து வைக்க வேண்டும். பணம் முழுக்கக் கல்லாக முற்றத்தில் கிடக்கும். வியாபாரம் செய்தவர்களுக்கு அதன் வலி புரியும்.

வந்து சேர்ந்த கல்லிலும் ஏறத்தாழ பாதி வெள்ளைக் கல் என்று மேலே பார்த்தோம். ஊர்க்காரர்கள் மலையடியிலேயே புடைத்துத் தள்ளியது இதனால்தான்.

ஆனால் ஆலையைக் கொன்றது கல் இல்லை, கரி. பவுண்டரிக்காரன் புத்தி கணக்கில்தான் போகும், அதனால் ஒரு கணக்கு. அந்தக் காலத்து மரக்கரி ஊதுலையில் ஒரு டன் வார்ப்பிரும்புக்கு ஒன்றரை, இரண்டு டன் கரிக்குக் குறையாது. மூட்டம் போட்டுக் கரி எடுத்தால் நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி. ஆக ஒரு டன் இரும்புக்கு எட்டு, பத்து டன் விறகு. ஆயிரம் டன் இரும்பு என்றால் பத்தாயிரம் டன் விறகை ஆலை விழுங்கும். ஊதுலையின் குணம் இன்னொன்று: பற்ற வைத்தால் மாதக்கணக்கில் அணைக்கக் கூடாது. அணைந்தால் உள்ளே இருப்பது உறைந்து பாறையாகிவிடும். நாட்டு உலை அப்படி இல்லை, கரி இருந்தால் ஊதலாம், இல்லாவிட்டால் வயல் வேலைக்குப் போகலாம். ஊதுலைக்கு லீவு கிடையாது.

கரி இன்னொரு வகையிலும் தொல்லை. கல்லை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், குலுங்கினால் கல் கல்லாகவே இருக்கும். கரி வண்டியில் குலுங்கக் குலுங்கத் தூளாகும். தூள் கரியை ஊதுலையில் போட்டால் காற்று மேலேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் உலகம் முழுக்க மரக்கரி உலைகளைக் காட்டுக்குள்ளேயோ காட்டின் ஓரத்திலேயோ கட்டினார்கள். சுவீடனிலும் அப்படித்தான். தென்னாற்காட்டுக் கடலோரத்தில் காடு எங்கே இருந்தது? உள்ளே இருந்த புதர்க்காட்டையும் குத்துக்காட்டையும் வெட்டினார்கள். பக்கத்தில் இருப்பது தீர்ந்ததும் இன்னும் உள்ளே. வருடா வருடம் கரி வண்டி போகிற தூரம் கூடிக்கொண்டே போனது, கூலியும் கூடிக்கொண்டே போனது. வெட்டிய இடத்தில் மறுபடி வளரட்டும் என்று விட்டுப் பிடிக்கிற ஏற்பாடு இல்லை. மதராஸ் மாகாணத்தில் வனத்துறை என்று ஒன்று வந்ததே 1856-இல்தான். அப்போது சீமைக்கருவேலமும் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. இன்று கரிமூட்டம் என்றாலே நமக்கு ஞாபகம் வரும் அந்த மரம் அன்றைக்கு இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்று சில சமயம் விளையாட்டாக நினைப்பேன்.

ஆலைக்காரர்களுக்கு இது புரியாமல் இல்லை. அவர்கள் பிறகு எங்கெங்கே உலை போட்டார்கள் என்று பார்த்தாலே தெரியும். மலபார்க் கரையில் பேப்பூர். இன்று உரு என்கிற மரக்கப்பல் கட்டுவதற்குப் பேர்போன ஊர். அங்கே மலபார்த் தாது, மலபார்க் காடு. அப்புறம் திருவண்ணாமலை. அப்புறம் காவிரிக் கரையில் பூலாம்பட்டி, கஞ்சமலைக்குப் பக்கம். இன்று பரிசல் துறைக்கும் பச்சைக்கும் பேர்போன, சினிமாக்காரர்கள் தேடிப் போகிற அதே பூலாம்பட்டி. பரங்கிப்பேட்டையைத் தவிர எல்லாமே தாதுவையோ காட்டையோ தேடிப்போன இடங்கள். கடற்கரையில் தொடங்கியதை மெல்ல மலையை நோக்கி நகர்த்தியிருக்கிறார்கள். இருபது வருடம் தாமதமாக.

இதற்கு நடுவில் ஹீத் கையில் காசு தீர்ந்துபோனது. ஆலை பெயர் மாறி மாறிக் கம்பெனிகளின் கைக்குப் போனது. ஒரு கட்டத்தில் சேலம் கருப்பூர்ப் பக்கம் குரோமைட் என்ற குரோமியத் தாதுவும் வெட்டி எடுத்தார்கள். 1853-இல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்ற பெயரில் புது முதலோடு இன்னொரு முறை எழுந்து நின்றார்கள்.

ஆனால் எதிரில் நின்ற உலகம் அதற்குள் மாறியிருந்தது. 1828-இல் நீல்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஊதுலைக்குள் குளிர்ந்த காற்றுக்குப் பதில் சூடான காற்றை ஊதலாம் என்று காட்டினார். எரிபொருள் செலவு மளமளவென்று இறங்கியது. ஹீத் பரங்கிப்பேட்டையில் அஸ்திவாரம் தோண்டும்போதே அங்கே வார்ப்பிரும்பின் விலை சரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் ஊரில் ரயில் வந்தது, 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை. இரும்பாலைக்கு இதைவிட நல்ல காலம் வருமா என்று தோன்றும். வரவில்லை. அரசாங்கம் வட்டிக்கு உத்தரவாதம் கொடுத்த ரயில் கம்பெனிகள் தண்டவாளத்தை இங்கிலாந்திலிருந்து கப்பலில் இறக்கின. பேப்பூர்தான் அன்றைக்கு மதராஸ் ரயில் பாதையின் மேற்குக் கடைக்கோடி. பாதை போய் முடிந்த ஊரில் இரும்பாலை இருந்தது, பாதைக்கு இரும்பு சீமையிலிருந்து வந்தது. இதைத் திட்டமிட்ட சதி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதைவிடச் சாதாரணமான விஷயம்: வாங்குகிறவனும் விற்கிறவனும் லண்டனில் ஒரே தெருவில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

1860-களின் நடுவில் பரங்கிப்பேட்டை உலை அணைந்தது. பேப்பூரும் அதே காலத்தில். 1874-இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வருடம் வங்காளத்தில் குல்டியில் உலை மூட்டினார்கள். அங்கே நிலக்கரி காலடியில் கிடந்தது. பிறகு ஜாம்ஷெட்பூர். அவர்கள் தப்பித்ததற்கும் இவர்கள் போனதற்கும் வித்தியாசம் எரிபொருள் இருந்த இடம்தான்.

ஹீத் என்ன ஆனார்? கதையில் எனக்கு மனசு சங்கடப்படுகிற இடம் இது. இங்கிலாந்துக்குப் போனவர் எஃகு ஆராய்ச்சியை விடவில்லை. மூசையில் எஃகு உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால், அது இரும்பிலுள்ள ஆக்சிஜனையும் கந்தகத்தையும் பிடித்துக்கொள்ளும், எஃகு விரிசல் விடாமல் அடிபடும், ஒட்டவும் ஒட்டும் என்று கண்டுபிடித்து 1839-இல் காப்புரிமை எடுத்தார். மாங்கனீசையும் கரியையும் முதலில் தனியாகச் சேர்த்து உருக்கிய பொருளைச் சேர்க்க வேண்டும் என்று காப்புரிமையில் எழுதியிருந்தார். பிறகு அவருக்கே இன்னும் மலிவான வழி தெரிந்தது: மாங்கனீசுத் தாதுவையும் கரிப்பொருளையும் நேராக மூசையிலேயே போட்டால் போதும், மற்றது உள்ளேயே நடந்துவிடும். இதை நம்பித் தன் முகவரிடம் சொன்னார். முகவர் கொஞ்ச நாளில் தனியாகக் கடை போட்டு அதையே செய்தார். கேட்டால், காப்புரிமைத் தாளில் இருப்பது வேறு, நான் செய்வது வேறு என்றார். ஷெஃபீல்டு முழுக்க அதே வழிக்கு வந்தது. சுவீடன் இரும்பு இல்லாமலே நல்ல எஃகு செய்யலாம் என்றாகிவிட்டது.

கவனித்தீர்களா? சுவீடன் இரும்பை வீழ்த்த வேண்டும் என்று பரங்கிப்பேட்டையில் தொடங்கியதை ஷெஃபீல்டில் ஒரு சிட்டிகை மாங்கனீசால் ஹீத் முடித்தே விட்டார். அது முடிந்ததும் ஷெஃபீல்டுக்குப் பரங்கிப்பேட்டை இரும்பும் அவசியமில்லாமல் போனது. தன் ஆலைக்குத் தானே வைத்த உலை. அந்த முகவர் அன்வின்மேல் ஹீத் போட்ட 'ஹீத் எதிர் அன்வின்' வழக்கு பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. 1851-இல் ஹீத் நொடித்துப்போய் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் பெசமர் என்ற ஆங்கிலேயர் எஃகு காய்ச்சும் தன் புது முறையை அறிவித்தபோது, அந்த எஃகும் விரிசல் விட்டது. அதைக் காப்பாற்றியது ராபர்ட் முஷெட் சேர்த்த மாங்கனீசு.

இப்போது பாலம். மாவட்டக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது லண்டன் பாலம் இல்லை, வேல்ஸில் உள்ள மெனாய் நீரிணைப் பாலங்கள். அங்கே இரண்டு பாலங்கள் உண்டு. டெல்ஃபோர்டு கட்டிய மெனாய் தொங்குபாலம் 1826 ஜனவரியில் திறந்தது. நம் ஆலை தொடங்கியதே 1830. ஆகவே அதில் பரங்கிப்பேட்டை இரும்பு இருக்க வாய்ப்பே இல்லை, இரண்டு பாலத்தையும் சேர்த்துச் சொல்பவர்கள் வருடத்தைப் பார்க்கவில்லை. இன்னொன்று ஸ்டீபன்சன் கட்டிய பிரிட்டானியா பாலம், பெட்டி மாதிரி இரும்புக் குழாய்க்குள் ரயில் ஓடும், 1850-இல் திறந்தது. இதற்குக் காலக்கணக்கு பொருந்துகிறது, குறிப்புகளும் இதைத்தான் முதலில் சொல்கின்றன. ஆனால் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். 1970 மே மாதம் அந்தப் பாலம் தீப்பிடித்துக் குழாய்கள் வளைந்துபோயின, எடுத்துவிட்டு வளைவுப் பாலமாகக் கட்டிவிட்டார்கள். பழைய குழாயில் ஒரு துண்டு மட்டும் நினைவுக்காகப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை என்ற கடைசிக் கேள்விக்கு என் அபிப்பிராயம்: பரங்கிப்பேட்டைக்கு இரும்பு வந்தேறி. தாது சேலத்தது, முதல் லண்டனது, விற்பனை ஷெஃபீல்டில். உலை அணைந்ததும் ஊரில் அந்தத் தொழில் தெரிந்த குடிகள் தங்கவில்லை, ஊர் மீனுக்கும் கடல் வியாபாரத்துக்கும் திரும்பிவிட்டது. இன்று வெளியூர்க்காரர்கள் படிக்க வருவது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்துக்கு. சேலத்தில் அப்படி இல்லை. ஹீத்தின் ஆலை போனபிறகும் நாட்டு உலைகள் கொஞ்ச காலம் ஊதிக்கொண்டிருந்தன. சீமை இரும்பின் விலையும், 1882-இன் வனச் சட்டத்துக்குப் பிறகு கரிக்கு வந்த கட்டுப்பாடும் சேர்ந்துதான் அவற்றை நிறுத்தின. ஆனால் இரும்பு என்ற நினைப்பு அங்கே போகவில்லை. 1967-இல் அண்ணா எழுச்சி நாள் நடத்திக் கேட்டதில் சேலம் உருக்காலையும் ஒன்று. 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆலை கஞ்சமலை அடிவாரத்திலேயே வந்தது, எண்பதுகளின் தொடக்கத்தில் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கியது. வெளியிலிருந்து வந்த சுருளைத்தான் உருட்டினார்கள், பக்கத்து மலைக் கல்லைத் தொடவில்லை. பிறகு கஞ்சமலையையும் திருவண்ணாமலை கவுத்தி மலையையும் வெட்டலாம் என்று பேச்சு வந்தபோது, ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று எதிர்த்து நின்றார்கள்.

நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் ஒரு யோசனை. பழைய உலையின் அடையாளம் கட்டடம் இல்லை, கிட்டம். செங்கல்லை யாராவது பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள், கிட்டத்தை யாரும் சீண்டமாட்டார்கள் (சித்த வைத்தியர்கள் மண்டூரம் என்ற மருந்துக்காகப் பழைய கிட்டம் தேடுவது தனி). கஞ்சமலையைச் சுற்றிக் காட்டில் கிடைப்பது நாட்டு உலைக் கிட்டம்: கறுப்பு, கையில் எடுத்தால் கனம், மேலே பாகு வழிந்து உறைந்த மாதிரி வரிகள், உள்ளே நிறைய இரும்பு தங்கிவிட்டதால் சில துண்டு காந்தத்தில் லேசாக இழுபடும். ஊதுலைக் கிட்டம் அப்படி இருக்காது. இரும்பு முழுக்கப் பிரிந்துவிடுவதால் எடை குறைவு, கண்ணாடி மாதிரி உடையும், பச்சை, நீலம், சாம்பல் என்று நிறம் காட்டும். கிணறு தோண்டும்போதோ வாய்க்கால் தூர்வாரும்போதோ பரங்கிப்பேட்டையில் பாட்டில் கண்ணாடி உருகிய மாதிரி பச்சைக் கட்டி ஏதாவது வந்தால், காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாது. ஒட்டவில்லை என்று தூக்கி எறிந்துவிடாமல் எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள்.